திரியைத் தாழ்த்திய கை முதல் டிம்மர் வரை



புது வீடு கட்டும் நம் பிள்ளைகள் பலர் கேட்கும் கேள்வி இது: "சார், டிம்மர் போட்டால் எல்.இ.டி. பல்பு ஏன் சிமிட்டுகிறது?" விடை வரலாற்றில் இருக்கிறது.

அரிக்கேன் விளக்கில் திரியைத் தாழ்த்தினால் வெளிச்சம் குறையும், எண்ணெயும் மிச்சமாகும். மின்விளக்கு வந்தபின் நாடக அரங்குகளில் மின்தடையை இடையில் வைத்து வெளிச்சத்தைக் குறைத்தார்கள். மிச்சமான மின்சாரம் வெப்பமாக வீணானது. நம் வீடுகளில் இருந்த பழைய பெட்டி ஃபேன் ரெகுலேட்டர் சுட்டதும் இதனால்தான்.

1959-ல் அமெரிக்கர் ஜோயல் ஸ்பைரா வேறு வழி கண்டார். மின்சாரத்தைத் தடுக்காமல், ஒவ்வொரு அரை அலையிலும் ஒரு பகுதியை மட்டும் வெட்டிவிடும் டிம்மர் அது. நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 முறை வெட்டு விழும். குண்டு பல்பின் இழை சூடு ஆறுவதற்குள் அடுத்த அலை வந்துவிடும். அதனால் கண்ணுக்குத் தெரியாது.

திருமலை நாயக்கர் மகாலில் 1981-ல் தொடங்கிய ஒலி-ஒளிக் காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சிலப்பதிகாரக் கதைக்கேற்ப தூண்களில் வெளிச்சம் ஏறி இறங்குவதுதான் அதன் உயிர்.

எல்.இ.டி.யில் சூடான இழை இல்லை. உள்ளே 'டிரைவர்' என்ற சிறு மின்சுற்று உண்டு. வெட்டுப்பட்ட அலை அதைக் குழப்பும். பல்பு சிமிட்டும், இரையும், சீக்கிரம் பழுதாகும். 2015-ல் வந்த உஜாலா திட்டத்துக்குப் பின் வீட்டுக்கு வீடு எல்.இ.டி. வந்துவிட்டது. பல சுவர்களில் டிம்மர் மட்டும் குண்டு பல்பு காலத்தது.

ஆகவே வாங்கும்போது கவனியுங்கள்:

1. பல்பு அட்டையில் 'டிம்மபிள்' என்று இருக்க வேண்டும்.
2. டிம்மரும் எல்.இ.டி.க்கு என்று குறித்ததாக இருக்கட்டும். அலையின் பின்பகுதியை வெட்டும் 'டிரெயிலிங் எட்ஜ்' வகை பெரும்பாலும் ஒத்துப்போகும்.
3. குறைந்தபட்ச வாட் அளவைப் பாருங்கள். 60 வாட் கேட்கும் டிம்மருக்கு நான்கு 9 வாட் பல்பு (36 வாட்) போதாது.
4. ஒரு பல்பு வாங்கிப் பொருத்திப் பார்த்துவிட்டு மற்றவற்றை வாங்குங்கள்.
5. ஃபேன் ரெகுலேட்டரில் விளக்கை இணைக்கவே வேண்டாம்.

இரவில் எழும் பெரியவர்கள் தடுமாறாமல் நடக்க மங்கலான, நிலையான வெளிச்சம் வேண்டும். சிமிட்டும் விளக்கு அதைத் தராது. சந்தேகம் இருந்தால் கேளுங்கள்.