மான்ஸ்ஃபீல்ட் பார்க்: ஒரு கேள்வியும் ஒரு மௌனமும்

எங்குமே கட்டப்படாத ஒரு மாளிகையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. ஜேன் ஆஸ்டின் 1814இல் வெளியிட்ட ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ நாவலில், இங்கிலாந்தின் நார்தாம்டன்ஷயரில் அது நிற்கிறது. பூங்கா, குதிரைகள், நடனம், வீட்டுக்குள்ளேயே நாடக ஒத்திகை. வகுப்பறையில் இதை ஒழுக்கமும் திருமணமும் பற்றிய கதையாகவே படித்தோம். இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

நாவல் அதை மறைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. வீட்டுத் தலைவர் சர் தாமஸ் பெர்ட்ரமுக்கு ஆன்டிகுவா தீவில் சொத்து உண்டு. வருமானம் குறையவே, நேரில் போகிறார். அங்கே என்ன விளைந்தது என்று ஆஸ்டின் எழுதவில்லை. அன்றைய வாசகருக்கு ஆன்டிகுவா என்றால் கரும்பு. கரும்பு என்றால் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் ஏற்றிவரப்பட்ட அடிமைகள். ஆஸ்டினின் தந்தையே அத்தீவின் தோட்டம் ஒன்றுக்கு அறங்காவலராக நியமிக்கப்பட்டிருந்தவர்.

சர் தாமஸ் திரும்பிய பின் ஒரு மாலை. ஃபேனி பிரைஸ் அவரிடம் அடிமை வணிகம் பற்றிக் கேட்கிறாள். பத்து வயதில் அந்த வீட்டுக்கு அழைத்துவரப்பட்ட ஏழை உறவுக்காரப் பெண் அவள். அவள் உட்காரும் அறையில் குளிருக்கு நெருப்பு மூட்டக் கூடாதென்பது பெரியம்மாவின் உத்தரவு. கேள்விக்குப் பின் மௌனம். பெரியப்பாவின் சொந்தப் பிள்ளைகள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்டது யார், பேசாமல் இருந்தது யார் என்று பார்ப்பது நமக்குப் பழக்கம்தானே!

எட்வர்ட் சயீத் 1993இல் ‘பண்பாடும் ஏகாதிபத்தியமும்’ நூலில் இந்த மாளிகையை ஆன்டிகுவாவோடு சேர்த்து வாசித்தார். அதன் பிறகு, ஆஸ்டின் அடிமைமுறையை எதிர்த்தாரா இல்லையா என்றே விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. 1772இல் ஜேம்ஸ் சோமர்செட் என்ற அடிமையை இங்கிலாந்திலிருந்து பலவந்தமாகக் கொண்டுபோகக் கூடாது என்று தீர்ப்பளித்த நீதிபதியின் பெயர் மான்ஸ்ஃபீல்ட். தலைப்பே அதற்குச் சான்று என்பார் உண்டு. இருக்கலாம். நமக்கு உறுத்துவது வேறு. ஃபேனி கேட்டது வணிகத்தைப் பற்றி. அதை 1807லேயே நாடாளுமன்றம் தடை செய்துவிட்டது. தோட்டத்தில் அடிமைகளை வைத்திருப்பது அப்போதும் சட்டப்படி சரி. அதைப் பற்றி அவளும் கேட்கவில்லை. கடைசியில் அதே எஸ்டேட்டின் பாதிரியார் வீட்டில் மனைவியாகக் குடியேறுகிறாள். ஆன்டிகுவாவின் உழைப்பாளி ஒருவர்கூடப் பெயரோடு கதைக்குள் வரவில்லை.

1833ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைமுறையை ஒழித்தபோது 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கப்பட்டது. முழுவதும் உடைமையாளர்களுக்கு; உழைத்தவர்களுக்கு ஒரு காசு இல்லை. சர் தாமஸ் நிஜ மனிதராக இருந்திருந்தால் அவரும் மனுப் போட்டிருப்பார், தலைகளை எண்ணி.