பழைய லென்சுக்கு மறுவாழ்வு தந்த இடைவெளி

என் பெரியப்பா 1960-களின் இறுதியில் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். ஊர் திரும்பும்போது ஓர் அசாகி பென்டாக்ஸ் காமிரா வாங்கி வந்தார். காமிரா என்றோ துருப்பிடித்து நின்றுவிட்டது. அதன் 50 மி.மீ. ‘சூப்பர் டாகுமார்’ லென்ஸ் மட்டும் பஞ்சு சுற்றிய ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தது. சென்ற ஆண்டு அதை என் கையில் கொடுத்து, “நீதான் பிசிக்ஸ் வாத்தியாராச்சே, இதுல ஒரு படமாவது எடுக்க முடியுமா பாரு” என்றார். அவருக்கு வயது எண்பது.

காமிரா பழுது பார்க்கும் ஒருவரிடம் காட்டினேன். அவர் லென்சை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே தேநீர் நிறம்! “கண்ணாடி பழுத்துப் போச்சு சார், காயலான் கடையில போடுங்க” என்று சொல்லிவிட்டார். எனக்கு மனம் வரவில்லை. கடையில் ஓர் உலோக வளையம் வாங்கி, அந்த லென்சை நிக்கான் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிரா ஒன்றில் பொருத்திக்கொண்டு, இரு மாணவர்களுடன் தேர்வாய் கண்டிகை ஏரிக்கரைக்குச் சென்றேன். திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில், சிப்காட் தொழிற்பூங்கா உள்ள ஊர் அது. கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. சென்னைக்குக் குடிநீர் தரும் ஐந்தாவது ஏரி. கொள்ளளவு 50 கோடி கன அடி.

அருகில் நின்ற மாணவனின் சட்டைப் பொத்தான் துல்லியமாக விழுந்தது. எதிர்க்கரைப் பனைமரங்களோ வெறும் பச்சைத் திட்டுகள்! லென்சின் வளையத்தை முடிவிலிக் குறி வரை திருப்பியும் பயனில்லை. அப்படியானால் லென்ஸ் கெட்டுவிட்டதா? இல்லை. குறை வேறோரிடத்தில் இருந்தது.

வெகு தொலைவிலுள்ள பொருளின் பிம்பத்தைக் குவிவில்லை தன் குவியத்தில் வீழ்த்துகிறது என்பதை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். பிலிம் அல்லது உணரி மிகச் சரியாக அந்த இடத்தில் இருக்கவேண்டும். எனவே லென்ஸ் வந்து உட்காரும் விளிம்புக்கும் பிலிமுக்கும் இடையேயான தூரத்தைக் காமிரா செய்பவர்கள் மிக நுட்பமாக வரையறுத்து வைக்கிறார்கள். இதை ‘விளிம்புத் தொலைவு’ என்போம். பெரியப்பாவின் லென்ஸ் 42 மி.மீ. திருகுமரை கொண்டது, அதற்குரிய தொலைவு 45.46 மி.மீ. நிக்கான் 1959-இல் கொண்டுவந்த ‘எஃப்’ பிணைப்புக்கோ 46.5 மி.மீ. ஆகவே எங்கள் லென்ஸ் இருக்கவேண்டிய இடத்திலிருந்து குறைந்தது 1.04 மி.மீ. முன்னே தள்ளி நின்றது.

ஒரு மில்லிமீட்டர்தானே என்று அலட்சியம் செய்யலாகாது. நியூட்டனின் வில்லைச் சமன்பாட்டை நினைவு கூருங்கள். முன்குவியத்திலிருந்து பொருளின் தூரத்தையும், பின்குவியத்திலிருந்து பிம்பத்தின் தூரத்தையும் பெருக்கினால் குவியத் தொலைவின் வர்க்கம் வரும். 50-இன் வர்க்கம் 2500, அதை 1.04-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2400 மி.மீ. அதாவது இரண்டரை மீட்டருக்கு அப்பால் உள்ள எதுவும் தெளிவாக விழாது. பொத்தான் தெரிந்து பனை மறைந்ததன் காரணம் இதுவே. கரும்பலகையில் பல ஆண்டுகளாக எழுதிவந்த சமன்பாடு, ஏரிக்கரையில் என்னைப் பார்த்துச் சிரித்தது!

அது சரி, இந்த 45 மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது? 1925-இல் விற்பனைக்கு வந்த லைக்காவுக்கு இவ்வளவு இடம் தேவைப்படவில்லை. அதன் விளிம்புத் தொலைவு பின்னர் 28.8 மி.மீ. என நிலைபெற்றது. ஆனால் அதில் கண் பார்ப்பது ஒரு சிறு சாளரத்தின் வழியாக, படம் விழுவது லென்சின் வழியாக; இரண்டும் ஒன்றல்ல. லென்ஸ் காண்பதையே கண்ணும் காணவேண்டுமென்றால், லென்சுக்குப் பின்னால் 45 பாகைச் சாய்வில் ஓர் ஆடியை வைத்து ஒளியை மேலே திருப்பவேண்டும். படம் எடுக்கும் நொடியில் அந்த ஆடி எழுந்து வழிவிட வேண்டும். 1936-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்து வந்த கினே எக்சாக்டா 35 மி.மீ. பிலிமில் இதைச் செய்தது. 24 மி.மீ. உயரமுள்ள படத்துக்கு 45 பாகையில் சாய்ந்த ஆடி ஏறக்குறைய 34 மி.மீ. நீளம் இருக்கவேண்டும், அது எழும்பி விழவும் இடம் வேண்டும். லென்சைத் தள்ளி நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. 1949-இல் அதே நகரில் பிறந்த காண்டாக்ஸ் எஸ், ஐங்கோணப் பட்டகத்தையும் 42 மி.மீ. திருகுமரையையும் சேர்த்துக் கொண்டது. ஜப்பானின் அசாகி நிறுவனம் 1954-இல் எழுந்த ஆடி உடனே இறங்கும் ஏற்பாட்டைச் செய்தது. 1957-இல் அந்தத் திருகுமரையைத் தன் பென்டாக்சில் ஏற்றுக்கொண்டது.

ஆடியின் ஆட்சி ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் நீடித்தது. அகன்ற கோண லென்சுகளின் குவியத் தொலைவு 35, 28 மி.மீ. எனச் சிறியது, அவை ஆடிக்கு அருகே போனால் இடிக்கும். அதற்காகவே பிரான்சின் ஆன்ஜெனியூ 1950-இல், முன்னே குழிவில்லை வைத்துப் பிம்பத்தைப் பின்தள்ளும் அமைப்பை வெளியிட்டார். ஓர் ஆடிக்காக எத்தனை பேருடைய மூளை உழைத்தது, பாருங்கள்.

2008-இல் பானசோனிக் ஜி1 வந்தது. அதில் ஆடியே இல்லை. உணரியில் விழும் பிம்பத்தையே ஒரு சிறு மின்திரையில் காட்டிவிட்டால் ஆடி எதற்கு? அதன் விளிம்புத் தொலைவு 19.25 மி.மீ. 2010-இல் சோனி 18 மி.மீ. என்றது, 2018-இல் நிக்கானே 16 மி.மீ.க்கு வந்தது. மெலிந்த காமிரா செய்வது அவர்கள் நோக்கம். பழைய லென்சுகளுக்கு வாழ்வு கொடுப்பது எவருடைய திட்டத்திலும் முதன்மையாக இருந்திருக்காது. ஆனால் ஆடி காலிசெய்த இடத்தில் ஒரு குழாயை வைக்கலாம் அல்லவா? 45.46-இலிருந்து 18-ஐக் கழித்தால் 27.46. அந்த நீளத்துக்கு ஓர் அலுமினியக் குழாய், உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாதது, போதும். இடைவெளி மிகுந்தால் நிரப்பலாம். குறைந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை.

இன்னொரு வசதியும் உண்டு. கையால் குவிக்கும்போது திரையில் ஒரு மூலையைப் பன்மடங்கு பெருக்கிப் பார்க்கலாம். தெளிவாக விழும் விளிம்புகளைக் காமிராவே வண்ணக் கோடிட்டுக் காட்டும். என் மாணவி ஒருத்தியின் சோனி காமிராவில் பெரியப்பாவின் லென்சைப் பொருத்தியபோது, முப்பது நொடியில் அவள் குவிக்கக் கற்றுக்கொண்டாள். எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

தேநீர் நிறத்துக்கு வருவோம். இதன் கதை நம் மாநிலத்தையும் தொடுகிறது. அந்தக் காலத்து ஏழு வில்லை டாகுமாரில், ஒரு வில்லையின் கண்ணாடியில் தோரியம் ஆக்சைடு கலந்திருந்தார்கள். அது விலகல் எண்ணை உயர்த்தும். நிறப்பிரிகையை அதிகம் கூட்டாது. இதனால் வில்லையை அதிகம் வளைக்காமலே ஒளியை வளைக்கலாம், பிறழ்ச்சிகளும் குறையும். தோரியம் கிடைப்பது மோனசைட் மணலில். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அதைத் தொடர்ந்தே, இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள மணவாளக்குறிச்சியில் மணல் எடுக்கும் தொழில் தொடங்கியது. அப்போது அந்தத் தோரியத்துக்குப் பெரிய தேவை வாயு விளக்கின் மேண்டில். நம் கல்யாண வீட்டுப் பெட்ரோமாக்சில் எரிந்ததும் அதே வகை மேண்டில்தான்.

தோரியத்தின் அரைவாழ்வு 1405 கோடி ஆண்டு. மிக மெதுவாகச் சிதைந்தாலும், அந்தக் கதிர்கள் பல ஆண்டுகளில் கண்ணாடிக்குள் எலெக்ட்ரான்களை இடம்பெயர்த்துச் சிறு குறைபாடுகளில் சிக்கவைக்கின்றன. சிக்கிய எலெக்ட்ரான்கள் நீல ஒளியை உட்கவர்வதால் லென்ஸ் மஞ்சளாகிறது. ஆல்பாத் துகள்கள் கண்ணாடியைத் தாண்டி வராது. வெளியே வரும் காமாக் கதிர் சொற்பம். எனினும் இத்தகைய வில்லையை உடைப்பதோ அரைப்பதோ கூடாது. பிற்காலத்தில் தோரியத்தின் இடத்தை லாந்தனம் பிடித்தது. அதுவும் மோனசைட்டில் இருப்பதே!

சிக்கிய எலெக்ட்ரான்களை விடுவிக்கப் புறஊதா ஒளி போதும். மொட்டைமாடியில் வெயிலில் வைக்கலாம்தான். ஆனால் லென்ஸ் வெயிலைக் குவித்துத் துணியைக் கொளுத்திவிடும். நான் ஓர் அட்டைப்பெட்டிக்குள் புறஊதா விளக்கை லென்சின் மேல் எரியவிட்டு மூடிவைத்தேன். (அந்த விளக்கைக் கண்ணால் பார்க்காதீர்கள்.) இரண்டு வாரத்தில் தேநீர், எலுமிச்சைச் சாறாயிற்று.

மீண்டும் அதே கரை, அதே பனைகள். இம்முறை ஓலை ஓலையாகத் தெரிந்தன. சூரியனுக்கு எதிரே திருப்பினால் மட்டும் படம் வெளுத்துவிடுகிறது. அக்காலப் பூச்சுக்கு அவ்வளவே வல்லமை.

பெரியப்பா இந்த லென்சில் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்சின் ‘இந்து’ சுருள்களில் எடுத்தவர். 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலை இப்போது மூடப்பட்டுவிட்டது. படத்தைக் கணினித் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “அந்தப் பக்கம் மரத்தடியில ஒருத்தன் தூண்டில் போட்டுட்டு உக்காந்திருக்கான் பாரு” என்றார். படம் எடுத்த நான் அவனைக் கவனித்திருக்கவில்லை.