முகமூடி அணியாத இனவெறி

இனவெறி இயக்கம் என்றதும் வெள்ளை அங்கியும் கூர்முனை முகமூடியும் நள்ளிரவில் எரியும் சிலுவையுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. 1865ஆம் ஆண்டு அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துப் புலாஸ்கி நகரில் தோன்றி, 1870களில் ஒடுக்கப்பட்டு, 1915இல் ஜார்ஜியாவில் மீண்டும் உயிர்பெற்ற கூ கிளக்ஸ் கிளானின் கோலம் அது. ஆயினும், 1950களில் இன ஒருங்கிணைப்பைத் தடுக்க எழுந்த இயக்கங்களுள் ஊர்ப் பெரியவர்களே முன்னின்று வளர்த்த இயக்கம் முகமூடி அணியவில்லை. அதன் வரலாற்றை அறிந்தாலன்றி இனவெறியின் கவர்ச்சியை முழுமையாக உணர இயலாது.

உள்நாட்டுப் போரின் முடிவில் அடிமை முறை ஒழிந்தது; ஆண்டான் மனப்பான்மை ஒழியவில்லை. தனித்தனியே வைத்தாலும் சமமாக வைத்தால் போதும் என்னும் கொள்கையை 1896இல் உச்சநீதிமன்றம் ஏற்றது. இன ஒதுக்கலுக்கு அது சட்டப் போர்வை ஆயிற்று. தென்மாநிலங்களில் பள்ளி, பேருந்து, உணவகம், குடிநீர்க் குழாய் யாவும் நிறத்தால் பிரிந்தன. பிரிவு நடைமுறையில் நிலைத்தது. சமத்துவமோ ஏட்டளவில் நின்றது. 1954 மே 17ஆம் நாள், தலைமை நீதிபதி ஏர்ல் வாரனும் உடனிருந்த எண்மரும் ஒருமனதாக அக்கொள்கையைப் பள்ளிகளிலிருந்து அகற்றினர். அரசுப் பள்ளிகளில் இன ஒதுக்கல் அரசியல் சட்டத்திற்கு முரணானது என்று தீர்ப்பளித்தனர்.

இரண்டு திங்கள் கழிவதற்குள், மிசிசிப்பி மாநிலத்து இண்டியனோலா என்னும் சிற்றூரில் ராபர்ட் பேட்டர்சன் என்ற தோட்ட மேலாளரின் முயற்சியால் ‘குடிமக்கள் மன்றம்’ தோன்றியது. வங்கியாளர், வணிகர், வழக்கறிஞர், நகரத்தலைவர் ஆகியோர் பகலொளியில் கூடினர். வன்முறை தங்கள் வழியன்று என்று பறைசாற்றினர். அவர்களின் படைக்கலம் கணக்கேடு.

அப்படைக்கலம் எவ்வாறு வேலை செய்தது என்பதற்கு யாசூ நகர நிகழ்ச்சியே சான்று. 1955இல் அந்நகரின் கறுப்பினத்தவர் 53 பேர், பள்ளிகளை ஒருங்கிணைக்க வேண்டி விண்ணப்பம் ஒன்றில் கையொப்பமிட்டனர். மன்றத்தார் அப்பெயர்களைச் செய்தித்தாளில் விளம்பரமாக வெளியிட்டனர். அவ்வளவே! வேலையில் இருந்தோர் வேலை இழந்தனர். கடைக்காரர் பொருள் விற்க மறுத்தனர். ஒருவர்பின் ஒருவராகப் பெயரைத் திரும்பப் பெற்றனர். எஞ்சிய இருவரும் ஊரைவிட்டே வெளியேறிவிட்டனர்.

இத்தகைய இயக்கத்தில் மக்கள் திரளாகச் சேர்ந்தது ஏன்? ஏழை வெள்ளையனுக்குக் கூலி குறைவாயினும், தனக்குக் கீழே ஒருவன் உண்டு என்னும் பெருமை மேலதிகக் கூலியாகக் கிடைத்தது என்று வரலாற்றறிஞர் டியூ பாய்ஸ் 1935இலேயே விளக்கினார். அந்தக் கூலி பறிபோகும் என்ற அச்சம் ஒரு காரணம். பிள்ளைகளின் பள்ளியைக் காட்டி அவ்வச்சத்தைப் பெருக்கிய அரசியலார் மற்றொரு காரணம். எல்லாவற்றினும் மேலாக, மதிப்புக்குரியோர் அமர்ந்த அவையில் அமர்வது எளியோர்க்கும் மதிப்பாகத் தோன்றியது. அலபாமாவின் மாண்ட்கோமரியில் பேருந்துப் புறக்கணிப்பு நிகழ்ந்த காலத்தில், 1956இல், நகரத்தலைவரே மன்றத்தில் உறுப்பினரானார். தீமைக்கு நல்ல முகவரி கிடைத்துவிட்டால், மனச்சான்று உறங்கிவிடுகிறது.

ஆனால், கணக்கேட்டுக்கும் துப்பாக்கிக்கும் இடைவெளி மிகுதியில்லை. 1963 ஜூன் 12ஆம் நாள் உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் ஜாக்சன் நகரில் தம் வீட்டு வாயிலில் சுடப்பட்டு மாண்டார். கொலையாளி பைரன் டி லா பெக்வித் மன்றத்தின் உறுப்பினன். 1964இல் நடந்த வழக்கு விசாரணையின்போது, முன்னாள் ஆளுநர் ராஸ் பார்னட் நீதிமன்றத்திலேயே அவனுடன் கைகுலுக்கினார். வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழுக்கள் இருமுறையும் முடிவு காணாது கலைந்தன. குற்றம் உறுதியாகத் தீர்ப்பு வந்தது 1994இல்தான்.

1964இன் குடியுரிமைச் சட்டமும் 1965இன் வாக்குரிமைச் சட்டமும் மன்றங்களின் வலிமையைக் குறைத்தன. எனினும், அவ்வெறிக்குப் பெருவிலை கொடுத்தோர் மாணவர்களே. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் வட்டாரம், ஒருங்கிணைப்பதைவிட மூடுவதே மேல் என்று 1959 முதல் 1964 வரை தன் பொதுப்பள்ளிகளைப் பூட்டியே வைத்தது. வெள்ளைக் குழந்தைகளுக்குத் தனியார் பள்ளி எழுந்தது. கறுப்பினக் குழந்தைகளுள் பலர் அவ்வாண்டுகளில் முறையான கல்வியின்றி வளர்ந்தனர். இழந்த அப்பருவத்தை எச்சட்டமும் அவர்களுக்கு மீட்டுத்தரவில்லை.

முகமூடியைக் கண்டு அஞ்சுதல் எளிது. நன்கு உடுத்தி, இனிது பேசி, அண்டை வீட்டாராகவும் வங்கியாளராகவும் வரும் வெறியை அறிவதே அரிது. அவ்வாறு வருவதை அறியும் கண்ணை மாணவர்க்கு அளிப்பதே வரலாற்றுக் கல்வியின் தலையாய கடன்.