ஊசி பிடித்த கை

பீடித்தட்டை ஓரமாக வைத்துவிட்டு, விரலில் ஒட்டிய புகையிலைத் தூளைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் ஆச்சி அடுப்படிக்குள் போவாள். ஆலங்குளத்து வீட்டில் அது தாத்தாவின் ஊசி வேளை. சின்னச் சட்டியில் கண்ணாடி சிரிஞ்சும் ஊசியும் கொதித்துக்கொண்டிருக்கும். கம்பவுண்டர் ஒரே ஒருமுறை காட்டிக் கொடுத்ததை வைத்து, சீனி வியாதிக்கான அந்த ஊசியைப் பல வருடம் ஆச்சிதான் போட்டாள். அதை யாரும் ஒரு வேலையாகச் சொன்னதில்லை. 'வீட்டுக்காரருக்குப் பார்க்கிறாள்' என்றார்கள், அவ்வளவுதான்.

இன்சுலினின் வரலாற்றில் ஆய்வுக்கூடத்து ஆண்களின் பெயர்கள்தான் முன்னே நிற்கின்றன. 1921இல் டொரண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் அதைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரி 11 அன்று 14 வயது லெனார்ட் தாம்சனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் எலும்பும் தோலுமாக அங்கே வந்த எலிசபெத் ஹியூஸ் என்ற சிறுமி, தனக்குத் தானே ஊசி போடக் கற்றுக்கொண்டு 1981 வரை வாழ்ந்தாள். அந்தக் கற்றல்தான் வரலாற்றின் மறுபாதி. தினமும் போட வேண்டிய மருந்துக்குத் தினமும் டாக்டர் வரமாட்டார். ஆஸ்பத்திரியின் ஊசி வீட்டுக்குள் வந்தது. வீட்டுக்குள் வந்த மற்ற வேலைகளைப் போலவே அதுவும் பெரும்பாலும் பெண்ணின் கையில் விழுந்தது.

இது லேசான வேலையல்ல. நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அளந்தால் இரண்டரை மடங்கு உடம்பில் ஏறி, சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே ஆபத்தாகும். மாற்றி அளந்தால் பாதிகூட ஏறாது. ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தால் தோலடியில் கட்டி விழுந்து மருந்து சரியாகச் சேராது. ஒருவருக்குக் குத்திய ஊசி இன்னொருவருக்கு ஆகாது. இத்தனையையும் சொல்லித்தராமலே 'பாசம்' என்று பெயர் வைத்துப் பெண்ணிடம் விட்டுவிடுகிறோம்.

பின்னாளில் ஆச்சிக்கும் சீனி வியாதி வந்தது. அவளுக்கு ஊசி போட ஆள் இல்லை, தானே போட்டுக்கொண்டாள். தாத்தாவுக்கு ஒருநாளும் வேகவைக்காத ஊசியைத் தொடாதவள், தனக்கு வந்தபோது, தூக்கிப்போட வேண்டிய பிளாஸ்டிக் சிரிஞ்சை நாள்கணக்கில் வைத்திருந்தாள். "எனக்குப் போயி தெனமும் ஒரு ஊசியாளா?" என்பாள். பாதுகாப்பு என்பது அறிவு மட்டுமல்ல, யாருடைய உடம்புக்குச் செலவழிக்கலாம் என்ற கணக்கும்தான்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுவாசலுக்குக் கொண்டுவருபவர்கள் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண்கள். அவர்கள் செய்வது மருத்துவப் பணி. பெயரோ 'தன்னார்வலர்', பெறுவதோ ஊக்கத்தொகை. ஆச்சியின் உழைப்புக்கு இல்லாத பெயர் இவர்களுக்கும் பாதிதான் கிடைத்திருக்கிறது.

ஊசியின் பயணம் உடம்போடு முடிவதுமில்லை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய ஊசியை வீட்டு அபாயக் கழிவாகத் தனியே பிரிக்கச் சொல்லின. ஆனாலும் அது காய்கறித் தோலோடு குப்பைக்குப் போகிறது. அதைக் கையால் பிரிப்பவளும் பெரும்பாலும் ஒரு பெண். மூடியை மறுபடி மாட்டாமல், கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் ஊசியைப் போட்டு, இறுக மூடி, இன்னதென்று சொல்லிக் கொடுத்தால் அவள் விரல் தப்பும். வீட்டில் ஊசி போடுபவளுக்கும் குப்பை அள்ளுபவளுக்கும் சேர்த்தே பாதுகாப்பு என்ற சொல்லை எழுத வேண்டும்.