டார்கீ 1948: பூஜ்யத்தில் தொடங்கிய தங்கம்

பாய்மரப் படகுப் பந்தய வரலாற்றில் பால் எல்வ்ஸ்ட்ரோமைத் தாண்டிப் போக முடியாது. டென்மார்க்காரர். 1948 முதல் 1960 வரை நான்கு ஒலிம்பிக், வரிசையாக நான்கு தங்கம். எல்லாரும் அந்த நான்கைத்தான் சொல்வார்கள். எனக்கு முதலாவது மட்டும்தான் சுவாரசியம், ஏனென்றால் அது மயிரிழையில் கிடைத்த தங்கம்.

லண்டன் ஒலிம்பிக்தான், ஆனால் லண்டனில் ஏது கடல்? படகுப் போட்டிகளை தென்மேற்குக் கரையில் இருக்கும் டார்கீ ஊரில் வைத்தார்கள். எல்வ்ஸ்ட்ரோமுக்கு அப்போது வயது 20. அதுதான் அவருக்கு முதல் ஒலிம்பிக்.

அவர் ஓட்டிய படகு ஃபயர்ஃப்ளை. 12 அடி நீளம், உஃபா ஃபாக்ஸ் வடிவமைத்தது. விமானம் கட்டும் ஃபேரி கம்பெனியின் கிளை நிறுவனம், ஒட்டுப்பலகையைச் சூடாக்கி அச்சில் அழுத்திச் செய்த சின்னப் படகு. வேடிக்கை என்னவென்றால் அது இரண்டு பேர் ஓட்டவேண்டிய படகு. டார்கீயில் ஒற்றை ஆள் போட்டிக்கு அதையே கொடுத்துவிட்டார்கள்! சுக்கான், பெரிய பாய், முன்பாய் எல்லாம் ஒருத்தரே பார்க்கணும். காற்று ஏறினால் படகைச் சாயவிடாமல் பிடிக்க இருப்பது அந்த ஒரு உடம்பின் எடைதான்.

மொத்தம் 21 பேர், ஏழு பந்தயம். முதல் பந்தயத்தை எல்வ்ஸ்ட்ரோம் முடிக்கவே இல்லை. பாதியில் விலகிவிட்டார். புள்ளி பூஜ்யம்.

ஏழில் சிறந்த ஆறு மட்டும் கணக்கில் வரும் என்பதால் கதை அங்கேயே முடியவில்லை. ஆனால் தள்ளிவிட இருந்த ஒரே வாய்ப்பு முதல் நாளே தீர்ந்துபோச்சு.

இனி புள்ளிக் கணக்கைப் பார்க்கணும். பள்ளிக்கூடத்தில் கிளார்க்ஸ் டேபிளைப் புரட்டி மடக்கை போட்டோமே, அதேதான். படகுகளின் எண்ணிக்கைக்கும் பிடித்த இடத்துக்கும் மடக்கை கண்டு, ஆயிரத்தால் பெருக்கிக் கழித்து, 101-ஐக் கூட்டுவார்கள். 21 படகு என்றால் முதலிடத்துக்கு 1423, இரண்டாமிடத்துக்கு 1122, மூன்றாமிடத்துக்கு 946. முதலுக்கும் இரண்டுக்கும் 301 வித்தியாசம். பத்துக்கும் பதினொன்றுக்கும் வெறும் 41! சீராக நடுவில் வந்துகொண்டிருப்பவனை இந்த முறை கண்டுகொள்ளாது. ஜெயிப்பவனுக்கு அள்ளிக் கொடுக்கும்.

கடைசி இரண்டு பந்தயத்திலும் எல்வ்ஸ்ட்ரோம் முதலிடம். அந்த இரண்டில் மட்டும் 2846. அவருடைய மொத்தமே 5543 தான். அமெரிக்காவின் ரால்ஃப் எவன்ஸ் 5408, நெதர்லாந்தின் டி யோங் 5204. கடைசிப் பந்தயத்தில் அவர் ஒரே ஒரு இடம் பின்தங்கியிருந்தால் 5242-இல் நின்றிருப்பார். தங்கம் எவன்ஸுக்குப் போயிருக்கும். புள்ளி முறை தந்த அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த முறை 21 பேருக்கும் பொது. கடைசி இரண்டையும் ஜெயித்தே ஆகணும் என்ற நிலையில் ஜெயித்தது ஒருத்தர்தான்.

ஊர் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. வீட்டிலேயே ஒரு பெஞ்சு செய்து, கால்களை வாரில் மாட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்துத் தொங்கிப் பயிற்சி எடுத்தார். படகோட்டி என்றால் காற்றைப் படிக்கத் தெரிந்தால் போதும் என்றிருந்த காலம் அது. 1952 ஹெல்சிங்கியில் ஒற்றை ஆளுக்கென்றே வடிவமைத்த ஃபின் படகு வந்தது. அதில் அவர்தான் முதல் தங்கம்.