வியன்னா பொது மருத்துவமனையும் வெளிநாட்டு மாணவர்களும்

வியன்னாவின் பொது மருத்துவமனையை 1784-இல் திறந்துவைத்தவர் பேரரசர் இரண்டாம் யோசேப்பு. பழைய ஏழையர் விடுதி இருந்த இடத்தில், முற்றம் முற்றமாக விரிந்த ஒரே வளாகத்துக்குள் ஏறத்தாழ 2,000 படுக்கைகள் போடப்பட்டன. பொது வார்டுகள், பிரசவ விடுதி, மனநோயாளிகளை அடைத்து வைத்திருந்த ஐந்து மாடி வட்டக் கோபுரம் எல்லாம் அங்கேயே இருந்தன. காசில்லாதவர்களுக்கு இலவசமாகவே வைத்தியம் நடந்தது. அதற்கு ஈடாக, மாணவர்கள் தங்கள் உடலைத் தொட்டுப் பார்த்துப் படிக்க அவர்கள் இணங்க வேண்டும். இறந்தால் உடல் பிரேதப் பரிசோதனைக்குப் போகும். பிற நாட்டு மாணவர்கள் சில வாரங்களுக்கோ சில மாதங்களுக்கோ இந்த ஊருக்கு வரத் தொடங்கியதற்கு அடிப்படைக் காரணம் இந்த ஏற்பாடுதான்.

19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் வெளிநாட்டு மாணவர்களின் முதல் விருப்பம் பாரிஸாக இருந்தது. 1840-களில் அந்த ஈர்ப்பு மெல்ல வியன்னாவுக்கு இடம்பெயர்ந்தது. யோசெப் ஸ்கோடா நோயாளியின் மார்பைத் தட்டியும் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டும் உள்ளே என்ன கோளாறு என்று மாணவர்கள் முன்னிலையில் சொல்வார். நோயாளி பிழைக்காவிட்டால், அதே வளாகத்தில் கார்ல் ரொக்கிடான்ஸ்கியின் மேசை அந்தக் கணிப்பு சரியா தவறா என்று காட்டிவிடும். ரொக்கிடான்ஸ்கி தம் வாழ்நாளில் சுமார் 30,000 பிரேதப் பரிசோதனைகள் செய்தவர் என்பார்கள். தோல் நோய்களை முறையாக வகைப்படுத்திய ஃபெர்டினாண்ட் ஹெப்ராவும் அங்கேயே கற்பித்தார். காலையில் வார்டில் கேட்ட ஒலிக்கு மறுநாள் பிரேத அறையில் விளக்கம் கிடைக்கும் இத்தகைய பயிற்சி வேறு ஊர்களில் அரிது. கடல் கடந்து வந்தவர்கள் வீணாக வரவில்லை.

இந்தக் கல்விக்கு உயிரை விலையாகக் கொடுத்தவர்கள் பிரசவ விடுதியின் பெண்கள். விடுதியில் இரண்டு பிரிவுகள் இருந்தன. 1840-இல் அரசாணைப்படி அவற்றில் பயில்வோர் பிரிக்கப்பட்டனர். முதல் பிரிவில் மருத்துவ மாணவர்களும் இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகளும் பயின்றனர். நாள் மாற்றி நாள் ஒவ்வொரு பிரிவிலும் கர்ப்பிணிகளைச் சேர்த்துக்கொள்வார்கள். 1846-இல் முதல் பிரிவில் 4,010 பிரசவங்களில் 459 தாய்மார்கள் இறந்தனர். இரண்டாம் பிரிவில் 3,754 பிரசவங்களில் 105 பேர் இறந்தனர். காரணம் பிரசவக் காய்ச்சல். ஊருக்கே இது தெரிந்திருந்தது. முதல் பிரிவுக்குப் போகும் நாளில் வலி கண்ட பெண்கள் காலைப் பிடித்துக் கெஞ்சினார்கள். வழியிலேயே பிள்ளை பெற்றுக்கொண்டவர்களும் உண்டு.

அந்த ஆண்டு இறுதியில் விசாரணைக் குழு ஒன்று காரணம் கண்டுபிடித்ததாக அறிவித்தது: மாணவர்கள், குறிப்பாக வெளிநாட்டினர், பரிசோதிக்கும்போது முரட்டுத்தனமாக நடந்துகொள்கிறார்களாம். மாணவர் எண்ணிக்கை 42-இலிருந்து 20 ஆகக் குறைக்கப்பட்டது. வெளிநாட்டினரில் இருவருக்கு மட்டும் அனுமதி தரப்பட்டது. சில மாதங்கள் சாவு குறைந்தது. ஆனால் 1847 ஏப்ரலில் நூற்றுக்கு 18 பேருக்கு மேல் இறந்தனர்.

விடையைக் கண்டவர் அந்தப் பிரிவின் உதவி மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ். அவருடைய நண்பரும் பேராசிரியருமான யாக்கோப் கொலெட்ச்கா, பிரேதப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலில் பட்டு, 1847 மார்ச்சில் இறந்தார். அவர் உடலில் தெரிந்த சேதங்கள் பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மாரிடம் கண்டவற்றை ஒத்திருந்தன. பிரேத அறையிலிருந்து நேராகப் பிரசவ வார்டுக்கு வரும் கைகளே நோயைக் கொண்டுவருகின்றன என்று செம்மல்வைஸ் முடிவுக்கு வந்தார். மே மாதத்திலிருந்து குளோரின் கரைசலில் கை கழுவாமல் யாரும் பெண்களைத் தொடக்கூடாது என்றார். ஜூலையில் சாவு நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது.

வெளிநாட்டு மாணவர்களைப் பற்றிய குற்றச்சாட்டுக்கும் அவர் பின்னாளில் விளக்கம் தந்தார். உள்ளூர் மாணவர்களுக்குத் தேர்வு நெருக்கடி உண்டு. வெளியூரிலிருந்து வந்தவர்களோ இருக்கும் குறுகிய காலத்தில் எல்லாவற்றையும் கற்றுவிடத் துடித்தவர்கள். பிரேதப் பரிசோதனை, பிணத்தின் மீது அறுவைப் பயிற்சி என எதையும் விடமாட்டார்கள். அவர்களுடைய கைகளில் அழுக்கு அதிகம் சேர்ந்ததற்குக் காரணம் முரட்டுத்தனம் அன்று, படிப்பார்வம். மருத்துவக் கல்வியின் வரலாற்றில் இதைவிடக் கசப்பான உண்மை அதிகம் இல்லை.

அதே மாணவர்கள்தான் செய்தியையும் வெளியே கொண்டுசென்றார்கள். செம்மல்வைஸ் தம் நூலை 1861 வரை வெளியிடவில்லை. ஆனால் வியன்னாவில் அவரிடம் பயின்ற ஆங்கிலேயர் சார்ல்ஸ் ரவுத், 1848-இலேயே லண்டன் மருத்துவச் சங்கம் ஒன்றின் முன் இந்த முறையை எடுத்துரைத்தார். ஐரோப்பாவின் பேராசிரியர்கள் பலர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பது வேறு கதை.

1870-க்குப் பிறகு வந்தவர்களில் அமெரிக்கர்களே அதிகம். முதல் உலகப் போர் வரை ஏறக்குறைய 15,000 அமெரிக்க மருத்துவர்கள் ஜெர்மன் மொழி வழங்கிய ஊர்களில் பயின்றதாக வரலாற்றாசிரியர் தாமஸ் பானர் மதிப்பிட்டார். அவர்களில் பெரும்பாலோர் வியன்னாவைத் தேடி வந்தவர்கள். சம்பளமில்லாத இளம் விரிவுரையாளர்களும் உதவி மருத்துவர்களும் கட்டணம் வாங்கிக்கொண்டு சில வார வகுப்புகள் நடத்தினார்கள். கண், காது, தொண்டை, தோல் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வகுப்பு இருந்தது. காது மருத்துவர் ஆதாம் பொலிட்சர் பல மொழிகளில் பாடம் சொல்லக்கூடியவர். கனடாவின் வில்லியம் ஆஸ்லர் 1874-இன் முதல் மாதங்களை அங்கே கழித்தார். அங்கே பயின்ற அமெரிக்கர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1880-இல் ஊர் திரும்பினார். இருவரும் பின்னர் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சேர்ந்து, நோயாளியின் படுக்கையருகே பாடம் நடத்துவதை அமெரிக்காவில் வேரூன்றச் செய்தார்கள். வியன்னாக்காரர்களும் வெளியே போனார்கள்: பல்கலைக்கழக உதவித்தொகையில் சிக்மண்ட் ஃபிராய்ட் 1885 அக்டோபரில் பாரிஸ் சென்று, சில மாதங்கள் நரம்பியல் மருத்துவர் ஷார்கோவிடம் நரம்பு நோய்களைக் கற்றார்.

முதல் உலகப் போர் வெளிநாட்டினரின் வருகையை நிறுத்தியது. 1920-களில் மீண்டும் தொடங்கியது. 1938-இல் நாஜிகள் ஆஸ்திரியாவை விழுங்கியபோது, வியன்னா மருத்துவத் துறை ஆசிரியர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் யூதர்கள். ஒன்றரை நூற்றாண்டு கட்டியதைச் சில வாரங்களில் சிதைத்தார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வெளிநாட்டுப் பயிற்சிக்கான முயற்சி மாணவர்களிடமிருந்தே வந்தது. 1951-இல் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றின் மாணவர்கள் கோபன்ஹேகனில் கூடி, மருத்துவ மாணவர் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பை உருவாக்கினார்கள். வியன்னாவில் காசு கொடுத்தவருக்கு வகுப்பு கிடைத்தது. இந்தக் கூட்டமைப்பிலோ பரிமாற்றம் என்பதே அடிப்படை. ஒரு நாட்டிலிருந்து ஒருவர் போனால் அங்கிருந்து ஒருவர் வருவார். வழக்கமாக நான்கு வாரம். தங்குமிடத்தையும் ஒரு வேளை உணவையும் வரவேற்கும் நாட்டு மாணவர்களே ஏற்பாடு செய்வார்கள். ஆராய்ச்சிக்கான பரிமாற்றம் பின்னர் சேர்ந்தது. இதற்கு வெளியே, பிரிட்டிஷ் மருத்துவக் கல்லூரிகள் இறுதி ஆண்டுகளில் தரும் விருப்பப் பயிற்சிக்காக மாணவர்கள் ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் செல்கிறார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் அத்தகையோரை ஏற்கிறது. இப்படி வருவோருக்கான நெறிமுறைகள் இன்று திட்டவட்டமானவை. தம் நாட்டில் செய்ய அனுமதியில்லாத எதையும் மாணவர் அங்கே செய்யக்கூடாது. மேற்பார்வை இல்லாமல் நோயாளியைத் தொடக்கூடாது. தாம் மாணவர் என்பதைச் சொல்லி, நோயாளியின் சம்மதத்தைப் பெற்ற பிறகே பரிசோதிக்க வேண்டும்.