நாலாம் பாரத்தில் நெசவுப் பாடம்

எஸ்.எஸ்.எல்.சி.யில் நெசவு ஒரு பாடமாக இருந்தது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. நம் வயதுக்காரர்களே பலர், "அதுதானே ராஜாஜியின் குலக்கல்வி?" என்று கேட்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. இந்தக் குழப்பத்தால் ஒரு நல்ல பாடத்துக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டது என்பது என் எண்ணம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வந்தது காந்தியின் ஆதாரக் கல்வி. 1937 அக்டோபரில் வார்தாவில் மாநாடு கூடியது. ஜாகிர் உசேன் தலைமையிலான குழு பாடத்திட்டம் வகுத்தது. பள்ளி நடக்கும் ஐந்தரை மணி நேரத்தில் 3 மணி 20 நிமிடம் கைத்தொழிலுக்கு! நூற்பும் நெசவும் அதில் முக்கியம். பிள்ளைகள் செய்த பொருளை விற்றே ஆசிரியர் சம்பளத்தை ஈடுகட்டலாம் என்று காந்தி எதிர்பார்த்தார். அது நடக்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை. நம்மில் பலருக்கு அந்தக் கல்வியில் நினைவிருப்பது தக்ளியும், அடிக்கடி அறுந்து போகும் நூலும்தான்.

நான் சொல்ல வந்தது உயர்நிலைப் பள்ளிப் பாடம். அவினாசிலிங்கம் செட்டியார் சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-ல் உயர்நிலைக் கல்வியை மாற்றி அமைத்தார்கள். நாலாம் பாரத்துக்கு வந்ததும் வழக்கமான பாடப்பிரிவில் தொடரலாம். அல்லது பொறியியல், விவசாயம், செயலகப் பயிற்சி, மனையியல், நெசவுத் தொழில்நுட்பம் போன்ற ஒன்றை எடுக்கலாம். எல்லாப் பள்ளியிலும் எல்லாம் கிடையாது. தறி இருந்த இடத்தில் நெசவு.

பாடத்தில் என்ன இருந்தது? தறியில் உட்கார்ந்து நாடாவை ஓட்டுவது அதில் ஒரு பங்குதான். கணக்கு நிறைய உண்டு. 840 கஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் நிற்கிறதோ, அதுதான் நூலின் நம்பர். 60-ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 50,400 கஜம். தருமபுரியில் ஒரு முனையைக் கட்டிவிட்டுப் பிரித்துக்கொண்டே வந்தால், மறுமுனை ஏறக்குறைய நம் ஒகேனக்கல் அருவிக்கரைக்கு வந்து சேரும். அத்தனை நீளம் ஒரு பவுண்டுக்குள்!

அடுத்தது டிசைன். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் கட்டங்களை நிரப்ப வேண்டும். நிரப்பிய கட்டம் என்றால் அந்த இடத்தில் பாவு நூல் மேலே; காலிக் கட்டம் என்றால் ஊடை மேலே. ஒன்று விட்டு ஒன்று நிரப்பினால் சாதா நெசவு. நம் பரிசலுக்கு மூங்கில் பிளாச்சுகளை மேலும் கீழுமாக விட்டுப் பின்னுவதைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம். இரண்டு மேலே இரண்டு கீழே என்று வைத்து, ஒவ்வொரு வரியிலும் ஒரு கட்டம் தள்ளிக்கொண்டே போனால் சாய்வுக் கோடு விழும். பிறகு, எந்த இழையை எந்த விழுதில் கோர்ப்பது, எந்த மிதியை எப்போது அழுத்துவது என்பதையும் தாளிலேயே எழுதிவிட வேண்டும். அந்தத் தாளைப் பார்த்து, தெரிந்த எவரும் தறி பூட்டிவிடலாம். பிரான்சில் 1804-ல் ஜக்கார்டு செய்த தறிப்பெட்டியில் அட்டையின் ஓட்டைகள் சொல்வதும் இதே 'மேலே, கீழே' சங்கதிதான். கணிப்பொறிக்கு முன்னோடியான இயந்திரத்தைத் திட்டமிட்ட பாபேஜ், ஓட்டை அட்டை யோசனையை அந்தத் தறியிலிருந்துதான் எடுத்துக்கொண்டார்.

நான் படித்தது 1960-களின் தொடக்கத்தில். அப்போது நம் பகுதி சேலம் ஜில்லா. நான் நெசவு எடுக்கவில்லை. ஆனாலும் ஓய்வு பீரியடில் தறிக்கூடத்து ஜன்னலில்தான் நிற்பேன். எடுத்தவர்களில் தறி வீட்டுப் பிள்ளைகள் சிலர், ராகியும் நிலக்கடலையும் போடுகிற வீட்டுப் பிள்ளைகள் சிலர். தறி வீட்டுப் பையனுக்குக் கை தானாக ஓடும். ஏன் இப்படி என்று கேட்டால், "எங்கப்பா இப்படித்தான் செய்வாரு" என்பான். காட்டு வேலை பார்த்துவிட்டு வந்த பையன் ஒருவன் கட்டத்தாளில் புதுக் கரையே போட்டுக் கொடுத்தான். இருவரும் சேர்ந்து அதைத் தறியில் ஏற்றினார்கள். எங்கள் நெசவு வாத்தியாருக்கு அன்று வாயெல்லாம் சிரிப்பு.

இப்போது குலக்கல்விக்கு வருவோம். நம் பக்கத்துத் தொரப்பள்ளிக்காரரான ராஜாஜி 1953 ஜூனில் கொண்டுவந்தது கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கான திட்டம். பள்ளி மூன்று மணி நேரம். மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். சவரத் தொழிலாளி மகன் கத்தியைப் பிடி, வண்ணார் மகன் துணியைத் துவை என்றுதான் அது முடியும். எதிர்ப்பு கிளம்பியது நியாயமே. 1954-ல் காமராஜர் முதல்வரானதும் கைவிட்டார்கள்.

1948 பாடத்தில் அப்பன் தொழில் என்ற பேச்சே இல்லை. யார் வீட்டுப் பிள்ளையும் எடுக்கலாம். வீட்டுக்குள், சாதிக்குள் இருந்த வித்தை கட்டத்தாளில் ஏறி, எல்லோர் கைக்கும் வந்தது. ஆனால் 1954-க்குப் பிறகு தறி, தொழில் என்று பள்ளியில் பேச்செடுத்தாலே பெற்றோர் மிரண்டார்கள். "எம் மவன் தறியில உக்காரவா பள்ளிக்கூடம் போறான்?" என்று நெசவாளர்களே கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன். காலணா கூலிக்குக் கஷ்டப்பட்டவர்கள் வேறு எப்படிக் கேட்பார்கள்?

1960-ல் சேலத்தில் மத்திய அரசின் கைத்தறித் தொழில்நுட்ப நிலையம் வந்தது. டிசைன் படிக்க விரும்பியவர்கள் பள்ளியை முடித்துவிட்டு அங்கே போகலாம் என்றாயிற்று. 1978-ல் பிளஸ் டூ வந்தபோது தொழிற்பிரிவில் நெசவும் ஆடை வடிவமைப்பும் மறுபடி இடம் பிடித்தன. ஆனால் அதற்குள் 'மார்க் குறைந்தவன் போகிற குரூப்' என்ற முத்திரை குத்தியாகிவிட்டது. கணக்கு வராதவனை நெசவுக்குத் தள்ளினார்கள். 60-ஆம் நம்பர் நூலின் கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் தள்ளியிருக்க மாட்டார்கள்.

நம் பக்கத்தில் அந்த நாளில் நெசவு எடுத்துப் படித்தவர்கள் இன்னும் சிலராவது இருப்பீர்கள். பரணில் பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். கட்டத்தாள் நோட்டு அகப்பட்டால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்; எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், நானே வந்து பார்க்கிறேன்.